காப்பி மூட்டை ஏற்ற மலையேறி வரும் சிறு விமானம்

விளைச்சலை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டாலும் அதைச் சந்தையில் சேர்க்கும்வரை விவசாயிக்கு நிம்மதி கிடையாது. நம் ஊர்களில் மாட்டுவண்டி, டெம்போ, லாரி என்று ஏதாவது ஒன்று அகப்பட்டுவிடும். சாலையே எட்டிப் பார்க்காத மலைக் கிராமத்தில் அரை ஏக்கர் காப்பி வைத்திருப்பவர் என்ன செய்வார்? பப்புவா நியூ கினி நாட்டில் அவர் விமானத்துக்காகக் காத்திருக்கிறார்.

ஆஸ்திரேலியாவுக்கு வடக்கே உள்ள இந்நாட்டில் செங்குத்தான மலைகளும் ஆழ்ந்த பள்ளத்தாக்குகளும் அதிகம். சாலைக்கு முன்பே அங்கு விமானம் வந்துவிட்டது. 1927இல் தொடங்கிய கினி ஏர்வேஸ், 1930களில் புலோலோ தங்க வயலுக்கான பெரும் தூர்வாரி இயந்திரங்களையே துண்டு துண்டாகப் பிரித்து விமானத்தில் ஏற்றிச் சென்றது. தங்கத்துக்கு விமானம் கட்டுபடியானதில் வியப்பில்லை. காப்பிக்கு அது எப்படிக் கட்டுபடியாகிறது என்பதே விவசாயிகள் கவனிக்க வேண்டிய செய்தி.

1950களில் கொரோகா வட்டாரத்திலிருந்து காப்பிச் சாகுபடி மலைநாடெங்கும் பரவியது. துறைமுக நகரான லாயேயிலிருந்து மலைநாட்டுக்கு நெடுஞ்சாலை திறந்தது 1960களின் நடுவில்தான். சாலை தொட்ட ஊர்கள் லாரிக்கு மாறிக்கொண்டன. தொடாத ஊர்களுக்குச் சிறு விமானக் கம்பெனிகளே துணை. கொரோகாவில் தலைமையிடம் வைத்திருந்த டாலேர் கம்பெனி 1993இல் மூடப்பட்டது. 1951 முதல் அங்கு பறந்துவரும் மிஷன் ஏவியேஷன் ஃபெலோஷிப் லாப நோக்கமில்லாத அமைப்பு. நன்கொடையும் சேர்வதால் கட்டணத்தைக் குறைத்து வாங்க அதனால் முடிகிறது.

வாடகைக் கணக்கை நம் ரூபாயில் உதாரணமாகப் போட்டுப் பார்க்கலாம். விமான வாடகை கிலோவுக்கு 20 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மலைமக்களின் முக்கிய உணவான சர்க்கரைவள்ளிக் கிழங்கு நகரத்தில் கிலோ 25 ரூபாய்க்குப் போனால் கையில் நிற்பது 5 ரூபாய்தான். ஆகவே கிழங்கு விமானம் ஏறாது; ஊரிலேயே மனிதருக்கும் பன்றிக்கும் உணவாகிறது. கிலோ 200 ரூபாய் பெறும் காப்பிக்கு அதே வாடகை போக 180 ரூபாய் மிஞ்சுகிறது. எடை குறைவு, விலை அதிகம், நாள் கடந்தாலும் கெடாது ஆகிய மூன்றும் சேர்ந்த பயிரே இத்தகைய ஊருக்கு ஏற்றது.

காப்பியிலும் பழமாக அனுப்பினால் நட்டமே. ஏறக்குறைய 5 கிலோ பழத்திலிருந்து ஒரு கிலோ பார்ச்மெண்ட் கிடைக்கிறது. பழமாக ஏற்றினால் ஒரு கிலோ சரக்குக்கு ஐந்து கிலோ வாடகை. அதோடு, பறித்த பழம் மறுநாளே புளிக்கத் தொடங்கிவிடும். ஆதலால் அங்குள்ள சிறு விவசாயிகள் கையால் சுற்றும் பல்பரில் தோலை நீக்கி, கொட்டையை ஊறவைத்து, வழுவழுப்பு போகக் கழுவி, வெயிலில் உலர்த்திப் பார்ச்மெண்டாகவே மூட்டை கட்டுகின்றனர். ஏற்காட்டுக் காப்பி விவசாயிகளுக்கு இது புதிதல்ல.

உலர்த்துவதில்தான் பலர் ஏமாந்துபோகின்றனர். பார்ச்மெண்டில் ஈரம் 11 சதவீத அளவுக்கு இறங்க வேண்டும். மேகமூட்டம் மிகுந்த மலையில் அவசரப்பட்டு 20 சதவீத ஈரத்தோடு ஒரு டன் கட்டினால், அதில் உரிய அளவுக்கு மேற்பட்ட தண்ணீர் மட்டும் சுமார் 100 கிலோ. தண்ணீருக்கும் விமான வாடகை! வியாபாரியோ எடையில் கழித்துக்கொள்வார். விமானம் இரண்டு வாரம் பிந்தினால் மூட்டைக்குள் பூஞ்சணம் பிடித்து விலையும் விழும்.

விமானக் கம்பெனியின் கணக்கு வேறு. ஒற்றை எஞ்சின் கொண்ட கேரவன் வகை விமானம் நல்ல நிலையில் ஏறக்குறைய ஒரு டன் சுமக்கும். 60 கிலோ மூட்டையானால் பதினாறு. மேலே உப்பு, சோப்பு, கூரைத் தகடு, மருந்து, ஆசிரியர் என்று ஏற்றிப் போகும் விமானம் திரும்பும்போது காலியாக வந்தால் அந்த எரிபொருள் செலவையும் யாராவது ஏற்க வேண்டும். காப்பி இருந்தால் இருவழியும் சுமை கிடைக்கிறது; வாடகையைக் குறைக்க இடமுண்டு. மாறாக, வந்த அன்று நான்கே மூட்டைதான் தயார் என்றால் அடுத்த முறை அவ்வூருக்கு விமானி எளிதில் வரமாட்டார். எனவே பல குடும்பங்கள் சேர்ந்து சரக்கைத் திரட்டி வைத்து, ரேடியோவிலோ தொலைபேசியிலோ சொல்லியனுப்புவது வழக்கம். உலகச் சந்தையில் காப்பி விலை சரிந்த ஆண்டுகளில் வாடகை போக மிச்சமில்லாமல் மூட்டைகள் வீட்டிலேயே தங்கிவிடுவதும் உண்டு.

ஓடுதளமும் ஊராரின் உழைப்பே. மண்வெட்டியாலும் தோண்டுகோலாலும் மலைச்சரிவை வெட்டிச் சமன்செய்து, மண் இறுக மிதித்துப் பல ஓடுதளங்கள் உருவாயின. தார் கிடையாது, புல்தரைதான். பலவற்றின் நீளம் 500 மீட்டர் அளவே. சரிவில் மேல்நோக்கி இறங்கி, கீழ்நோக்கி ஓடிப் பறக்க வேண்டும். உயரம் கூடக் கூடக் காற்று மெலிகிறது. வெயில் ஏறினால் இன்னும் மெலிகிறது. இறக்கைக்குப் பிடிமானம் குறைவதால், கடலோரத்தில் தூக்கும் சுமையை மலையில் தூக்க முடியாது. பிற்பகலில் கணவாய்களை மேகம் மூடிவிடும். ஆகையால் விடிந்ததும் பறப்பதே முறை. மூட்டைகளும் முந்திய மாலையே எடைபோட்டு ஓடுதளத்துக்கு வந்துவிட வேண்டும்.

புல் உயர்ந்தால் சக்கரம் இழுக்கும், வேகம் பிடிக்காது. மழைநீர் வடிய ஓரக் கால்வாய் வெட்டாவிட்டால் தரை சேறாகிவிடும். மண்புழுவைத் தேடிப் பன்றிகள் ஓடுதளத்தைக் கிளறிப்போடுவது தனித் தொல்லை. நம் வயலில் மண்புழு இருந்தால் மகிழ்கிறோம், அங்கே ஓடுதளத்தில் அதுவே வினையாகிறது! இதற்காக வேலி போட்டுப் பன்றிகளைத் தடுக்கின்றனர். கிராமப்புற ஓடுதளங்களைச் சீர்படுத்தவும், ஊராருக்குப் புல்வெட்டும் கருவி தந்து பராமரிக்கச் செய்யவும் தனி அமைப்பு ஒன்றும் இயங்கிவருகிறது.

இரண்டு பருவம் கவனிக்காமல் விட்ட ஓடுதளத்தில் விமானி இறங்க மறுத்துவிடுவார். அத்தகைய ஊரில் காப்பிப் பழம் செடியிலேயே கறுத்து உதிர்கிறது. பிரசவம் சிக்கலான பெண்ணையும் தடிகளில் கட்டித் தோளில் சுமந்து, அடுத்த ஓடுதளம் வரை மலைப்பாதையில் நடக்கின்றனர்.