மாயர் எம்மொழியில் பேசுகின்றனர்?
இளையோருக்கான வரலாற்றுச் சாகசப் புதினங்களும் மொழிபெயர்ப்புச் சிக்கல்களும்

1. முன்னுரை

பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஸ்பானியர் நடு அமெரிக்கக் கரைகளில் வந்திறங்கிய நிகழ்ச்சி, ஆங்கிலத்தில் இளையோருக்கென எழுதப்பெற்ற வரலாற்றுச் சாகசப் புதினங்களுக்கு நெடுங்காலமாகக் களமாக அமைந்து வந்துள்ளது. கப்பல் உடைதல், அறியாத கரை, காட்டினிடையே கோயில் நகரம், சிறைப்பட்ட இளைஞன், தப்பியோட்டம் என்னும் கூறுகள் இவற்றில் திரும்பத் திரும்ப வருகின்றன. இக்கூறுகள் அனைத்திற்கும் அடியில் மொழிச் சிக்கல் ஒன்று உள்ளது. கரையேறியவனும் கரையில் நிற்பவனும் ஒருவர் மொழியை மற்றவர் அறியார். ஆயினும் கதை நகர வேண்டுமாயின் அவர்கள் பேசியே ஆகவேண்டும். அவர்கள் எம்மொழியில் பேசுகின்றனர் என்னும் வினாவுக்கு ஆசிரியர் தரும் விடை யாது, அவ்விடை தமிழில் பெயர்க்கப்படும்போது என்னவாகின்றது என்பவற்றை இக்கட்டுரை விளக்க முற்படுகின்றது.

2. வரலாறு காட்டும் மொழித் தொடர்

2.1 புதினங்கள் கையாளும் பல சூழல்கள் வரலாற்றில் நிகழ்ந்தவையே. 1511ஆம் ஆண்டில் தாரியேன் என்னும் இடத்திலிருந்து சாந்தோ தொமிங்கோ நோக்கிச் சென்ற ஸ்பானியக் கப்பல் ஒன்று உடைந்தது. யுக்கத்தான் கரையை அடைந்தவருள் இருவர் பெயர் வரலாற்றில் நின்றது. ஒருவர் சமயத் துறவு நெறியைச் சார்ந்த ஹெரோனிமோ தெ அகிலார். மற்றவர் மாலுமியான கொன்சாலோ கெரேரோ. இருவரும் மாயரிடையே வாழ்ந்து அவர்தம் மொழியைக் கற்றனர். 1519இல் கோர்த்தெஸ் கொசுமேல் தீவுக்கு வந்தபோது அகிலார் அவருடன் சேர்ந்துகொண்டார். கெரேரோ வரவில்லை. தம் முகத்தில் பச்சை குத்தப்பட்டிருப்பதையும், காதுகள் துளைக்கப்பட்டிருப்பதையும், மாயப் பெண்ணிடம் தமக்குப் பிள்ளைகள் பிறந்திருப்பதையும் கூறி அவர் மறுத்துவிட்டதாகப் பெர்னால் தியாஸ் எழுதியுள்ளார்.

2.2 அதே ஆண்டில் தபாஸ்கோக் கரையில் நிகழ்ந்த போருக்குப் பின்னர், ஸ்பானியரிடம் ஒப்படைக்கப்பட்ட இருபது பெண்களுள் மலின்ட்சின் ஒருவர். அவர் தாய்மொழி நவாத்தல். மாய மொழியும் அவர் அறிந்திருந்தார். கோர்த்தெஸ் ஸ்பானியத்தில் கூறியதை அகிலார் மாய மொழியில் கூற, அதனை மலின்ட்சின் நவாத்தலில் கூறினார். மறுமொழி அதே வழியில் திரும்பியது. மலின்ட்சின் ஸ்பானியத்தைக் கற்ற பின்னரே இடையிலிருந்த கண்ணி தேவையற்றதாயிற்று. ஒரு பேரரசின் வீழ்ச்சி இத்தகைய இரட்டை மொழிபெயர்ப்பின் வழியாகத் தொடங்கியது என்பது மொழிபெயர்ப்பாளர் நினைவிற் கொள்ளத்தக்கது.

2.3 மொழி புரியாமை சில வேளைகளில் கருவியாகவும் பயன்பட்டது. ஸ்பானிய அரசின் ஆணைக்கு அடிபணியுமாறு கோரும் 'ரெக்கெரிமியெந்தோ' என்னும் அறிவிப்பு 1513இல் வகுக்கப்பெற்றது. அதனைக் கேட்போர் புரிந்துகொள்ளாத மொழியில் படித்துவிட்டு, பணியாதவர்மீது போர் தொடுப்பது முறையே எனக் கொள்ளப்பட்டது. புரியாமையால் இடப்பெயர்களும் பிறந்தன. யுக்கத்தானின் வடகிழக்கு முனை 'கத்தோச்சே' எனப்படுகின்றது. 'எங்கள் இல்லங்களுக்கு வாருங்கள்' என மாயர் அழைத்ததை ஊர்ப்பெயராகக் கொண்டு ஸ்பானியர் இப்பெயரை இட்டனர் என்பது பழைய வரலாற்றாசிரியர் கூற்று.

3. புதினங்களில் மொழிக்குக் கிடைக்கும் இடம்

3.1 ஹென்ட்டி எழுதி 1891ஆம் ஆண்டு குறிக்கப்பெற்று வெளிவந்த 'பை ரைட் ஆஃப் கான்க்வெஸ்ட்' என்னும் நூலில், கரையொதுங்கிய ஆங்கிலேயச் சிறுவன் ஒருவன் தெய்வத் தன்மை உடையவனாகக் கருதப்படுகின்றான். இது அஸ்தெக்கரைப் பற்றியது. ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்குப் பின்னர் ஸ்காட் ஓடெல், 'தி கேப்டிவ்' (1979), 'தி ஃபெதர்ட் சர்ப்பென்ட்' (1981), 'தி அமெதிஸ்ட் ரிங்' (1983) என்னும் முத்தொகுதியை எழுதினார். இதில் மாயரே முதன்மை பெறுகின்றனர். சமயக் கல்வி பயிலும் ஹூலியான் எஸ்கோபார் என்னும் ஸ்பானிய இளைஞன், கப்பல் உடைந்து மாயர் வாழும் நிலத்தை அடைகின்றான். முன்னரே அங்கு வந்து சேர்ந்த குள்ளனாகிய கியெர்மோ கந்தூ என்பவன் தூண்டுதலால், திரும்பி வந்த குக்குல்கான் தெய்வமாகத் தன்னைக் காட்டிக்கொள்கின்றான். ஹென்ட்டியின் சிறுவனுக்குக் கிடைத்த தெய்வ நிலை அவனைக் காக்கும் கவசம். ஓடெலின் இளைஞனுக்கு அதுவே அறச்சிக்கலாக மாறுகின்றது.

3.2 ஓடெலின் கதையை ஹூலியானே தன்மை இடத்தில் கூறுகின்றான். எனவே மாயர் பேசுவதெல்லாம், அம்மொழியைப் பின்னர்க் கற்ற ஒருவன் வாயிலாகவே வாசகரை வந்தடைகின்றது. ஸ்பானிய உரையாடல், மாய உரையாடல், ஸ்பானியன் தன் மனத்துள் நினைப்பது ஆகிய மூன்றும் ஒரே ஆங்கிலத்தில் அமைகின்றன. ஆங்கில வாசகர் இதனை மரபாக ஏற்றுக்கொள்கின்றார். தமிழில் பெயர்ப்பவரோ இம்மூன்றையும் மீண்டும் பிரித்தறிய வேண்டியவராகின்றார். ஏனெனில் ஆங்கிலத்தில் மறைந்து நிற்கும் சில வேறுபாடுகளைத் தமிழ் இலக்கணம் வெளிப்படக் கூறுமாறு கட்டாயப்படுத்துகின்றது.

4. மொழிபெயர்ப்பாளர் முன்னுள்ள தெரிவுகள்

4.1 முன்னிலைப் பெயர்

ஆங்கிலத்தின் ஒரே முன்னிலைச் சொல்லுக்குத் தமிழில் நீ, நீர், நீங்கள், தாங்கள் எனப் பல வடிவங்கள் உள்ளன. ஸ்பானிய வீரனை நீங்கள் எனவும் மாயத் தலைவனை நீ எனவும் சுட்டினால், மூலத்தில் இல்லாத உயர்வு தாழ்வு ஒன்று மொழிபெயர்ப்பில் நுழைந்துவிடும். இளம் வாசகர் அதனை ஒரு கருத்தாக உணர்வதில்லை, இயல்பாகவே ஏற்றுக்கொள்கின்றனர். தீங்கு அங்கேதான் உள்ளது.

மாறாக, இத்தெரிவைத் தமிழ் மொழிபெயர்ப்பாளர் ஆக்க வழியிலும் பயன்படுத்தலாம். ஹூலியான் தெய்வம் அல்லன் என்பதை அறிந்தவன் கந்தூ. அவன் மக்கள் முன்னிலையில் மாய மொழியில் பேசும்போது தாங்கள் எனவும், தனிமையில் ஸ்பானியத்தில் பேசும்போது நீ எனவும் அமைத்தால், மொழி மாறியதையும் வேடம் கலைந்ததையும் ஒரே சொல் உணர்த்திவிடும். ஆங்கிலத்தில் இதற்குத் தனி விளக்கம் தேவைப்படும்.

4.2 நாம், நாங்கள்

தன்மைப் பன்மையும் இத்தகையதே. கெரேரோவைப் போன்ற ஒரு பாத்திரம் தேடி வந்த ஸ்பானியரிடம் பேசும்போது, நாம் என்றால் அவன் ஸ்பானியருள் ஒருவன். நாங்கள் என்றால் மாயருள் ஒருவன். கதையின் திருப்பமே இவ்வெழுத்துகளில் அடங்கியிருத்தல் கூடும். எந்த இடத்தில் ஒரு வடிவம் மற்றொன்றாக மாறவேண்டும் என்பதை மொழிபெயர்ப்பாளர் முதல் வாசிப்பிலேயே முடிவு செய்துகொள்ளுதல் நன்று.

4.3 சிதைந்த நடை

சாகசப் புதினங்களில் அந்நிலத்து மக்கள் குறைச் சொற்றொடர்களில் பேசுவதாகக் காட்டுதல் பழைய வழக்கம். ஒருவன் தான் அறியாத ஸ்பானியத்தில் பேச முயலும்போது தொடர் சிதைவது இயல்பு. அவனே தன் தாய்மொழியில் பேசும்போதும் அவ்வாறே சிதைந்தால், மொழியின் குறைவு மனிதனின் குறைவாகத் தோற்றமளிக்கும். உண்மையில் மாய மொழியில் தடுமாற வேண்டியவன் ஹூலியானே. ஒவ்வோர் உரையாடலுக்கும் அது நிகழும் மொழியை ஓரத்தில் குறித்துக்கொண்டு பெயர்த்தால் இக்குழப்பம் நேராது.

4.4 பெயர்களின் ஒலிபெயர்ப்பு

ஆங்கில எழுத்தின் வழியாகப் பெயர்களைத் தமிழுக்குக் கொணரும்போது இருமுறை பிழை நேர்கின்றது. ஹூலியான் 'ஜூலியன்' ஆகின்றான். ஹெரோனிமோ 'ஜெரோனிமோ' ஆகின்றார். பதினாறாம் நூற்றாண்டில் மாயச் சொற்களை உரோமன் எழுத்தில் எழுதிய ஸ்பானியர், ஷகர ஒலிக்கு ஆங்கில நெடுங்கணக்கின் இருபத்து நான்காம் எழுத்தைப் பயன்படுத்தினர். ஆகவே அந்நகரின் பெயர் உஷ்மால். 'உக்ஸ்மல்' என்பது ஆங்கிலவழிப் படிப்பு.

மாய மொழியில் இயல்பான வல்லொலிகளோடு, குரல்வளையை மூடி அழுத்தத்துடன் வெளியேற்றப்படும் வல்லொலிகளும் உள்ளன. இவ்விரண்டும் பொருளை வேறுபடுத்துவன. உயிரின் நெடுமை, தொனி, இடையில் வரும் குரல்வளை அடைப்பு ஆகியவையும் அவ்வாறே. பாம்பு, வானம், நான்கு, மஞ்சள், தூங்குவலை ஆகியவற்றைக் குறிக்கும் ஐந்து யுக்கத்தேக் மாயச் சொற்கள் தமிழெழுத்தில் கன், கான் என்னும் இரு வடிவங்களுள் அடங்கிவிடுகின்றன. பாம்பு, வானம், நான்கு என்னும் சொற்களின் ஒலியொற்றுமையைப் பண்டைய மாய எழுத்தரே ஒன்றின் குறியை மற்றொன்றிற்கு எழுதிப் பயன்கொண்டனர். எல்லா வேறுபாடுகளையும் காட்ட இளையோர் நூல் இடமன்று. ஆயினும் தமிழ் ஒலியனியல் மரபை மறத்தலாகாது. குகுல்கான் என எழுதினால் இடையெழுத்து மெலிந்து ஒலிக்கும். குக்குல்கான் என இரட்டித்தலே மூல ஒலிக்கு அண்மையது.

மலின்ட்சின் என்னும் பெயர் ஒலிமாற்றத்திற்கு நல்ல சான்று. ஸ்பானியர் இட்ட மரீனா என்னும் பெயர், ரகரம் இல்லாத நவாத்தலில் மலினா ஆயிற்று. அதனுடன் மதிப்புப் பொருள் தரும் 'ட்சின்' விகுதி சேர்ந்தது. அவ்வடிவத்தை மீண்டும் கேட்ட ஸ்பானியர் அதனை மலின்சே ஆக்கினர். விகுதி தமிழ் 'ஆர்' விகுதியோடு ஒப்பிடத்தக்கது. எனவே அப்பெண்ணை அவள் எனச் சுட்டுவதா, அவர் எனச் சுட்டுவதா என்னும் வினாவுக்குப் பெயரே விடை கூறுகின்றது.

4.5 பதவிப் பெயரும் பொருட்பெயரும்

மாய நாட்டின் ஆட்சித் தலைவர் 'ஹலாச் வினிக்' எனப்பட்டார். உண்மை மனிதர் என்பது பொருள். ஊர்த்தலைவர் 'பதாப்' எனப்பட்டார். ஸ்பானியர் இருவரையும் 'கசீக்கே' என்றனர். இச்சொல் மாய மொழியினதன்று. கரீபியத் தீவுகளின் தைனோ மொழியிலிருந்து அவர்கள் எடுத்துச் சென்றது. ஆங்கில நூல்களில் பொதுப்பட வரும் தலைவன் என்னும் சொல்லைத் தமிழில் காட்டுத் தலைவன் என்றாக்கினால், கல்லால் நகரமைத்து வானியல் கணித்த ஒரு சமூகம் காட்டினுள் ஒடுங்கிவிடும். கோமான், ஊர்த்தலைவர் என்பன பொருந்தும்.

நிலவியலும் இதில் தொடர்புடையது. வட யுக்கத்தான் சுண்ணாம்புப் பாறையாலானது. நிலத்தின்மேல் ஆறுகள் இல்லை. பாறை இடிந்து நிலத்தடி நீர் வெளிப்பட்ட குழிகளே நீர்நிலைகள். இவற்றை இன்று செனோத்தே என்பர். இது மாயச் சொல்லின் ஸ்பானிய வடிவம். சிச்சேன் இட்சா என்னும் நகர்ப்பெயருக்கும் இட்சா மக்களது கிணற்றின் வாய் என்பதே பொருள். குளம் எனப் பெயர்த்தால் படம் மாறிவிடும். முதல் வருகையில் 'செனோத்தே என்னும் பாறைக் கிணறு' எனவும் பின்னர் கிணறு எனவும் அமைக்கலாம்.

4.6 எழுத்து

மாயர் ஓவியங்களால் கருத்தை உணர்த்தினர் என்னும் எண்ணம் பழைய நூல்களில் பரவலாக உண்டு. 1562இல் மானி என்னும் ஊரில் மாயச் சுவடிகளை எரிப்பித்த தியேகோ தெ லாந்தா என்னும் துறவியே, அவ்வெழுத்தைப் பற்றிய குறிப்பையும் விட்டுச் சென்றார். அவர் ஸ்பானிய எழுத்துகளின் பெயரைக் கூறிக் குறி கேட்டார். எழுத்தரோ அவ்வொலிக்குரிய அசைக்குறியை எழுதினார். ஒரு தொடர் எழுதுமாறு கேட்டபோது, 'எனக்கு விருப்பமில்லை' எனப் பொருள்படும் தொடர் எழுதப்பட்டுள்ளது. 1952இல் யூரி க்னோரோசவ் இப்பட்டியலை அசையெழுத்தாகக் கொண்டு ஆராய்ந்ததே பிற்கால வாசிப்புக்கு வழிவகுத்தது. ஆகவே 'சித்திர எழுத்து' என்னும் தமிழ்ச்சொல் இங்குப் பொருந்தாது. மாய எழுத்து எனல் போதும்.

5. தெய்வமாகக் கருதப்படும் அயலான்

இப்புதினங்களின் மையக்கூறான 'திரும்பி வந்த தெய்வம்' பற்றிய கருத்தும் மாறியுள்ளது. ஸ்பானியரைத் தெய்வங்களாக மெக்சிக்கர் கருதினர் என்னும் கதை படையெடுப்புக்குப் பின்னர் உருவானது என கமில்லா டவுன்சென்ட் 2003இல் வாதிட்டார். இதனால் பழைய புதினங்கள் பயனற்றவை ஆகிவிடா. ஓடெலின் கதையில் ஹூலியானின் தெய்வத்தன்மை திட்டமிட்ட ஏமாற்றாகவே அமைகின்றது. கதைப்போக்கைத் திருத்துதல் மொழிபெயர்ப்பாளர் பணியன்று. ஆயினும் நம்பினர், நம்பியதாகக் காட்டினர், நம்பியதாக ஹூலியான் எண்ணினான் என்னும் மூன்று வினைமுடிபுகளுள் மூலம் எதனைச் சுட்டுகின்றது என்பதை வழுவாது காத்தல் அவர் கடமை. சுருக்கம் கருதி மூன்றையும் நம்பினர் என்றாக்கும்போது, ஒரு பாத்திரத்தின் எண்ணம் ஒரு மக்களின் இயல்பாகிவிடுகின்றது.

6. முடிவுரை

மாயர் அழிந்துபோன மக்கள் அல்லர். அவர்தம் கடைசித் தன்னாட்சி நகரமான நொஹ்பெத்தேன் 1697இல்தான் ஸ்பானியர் வசமாயிற்று. மாய மொழிக்குடும்பத்தில் இன்றும் முப்பதளவில் மொழிகள் வழங்குகின்றன. மெக்சிகோவின் 2020ஆம் ஆண்டு மக்கள் கணக்கெடுப்பின்படி யுக்கத்தேக் மாய மொழியை மட்டும் ஏழரை லட்சத்திற்கும் மேற்பட்டோர் பேசுகின்றனர். ஆகவே இப்புதினங்களில் மாயரின் பேச்சு எவ்வாறு பெயர்க்கப்படுகின்றது என்பது வாழும் ஒரு மொழிச் சமூகத்தைப் பற்றிய கருத்தாகவும் அமைகின்றது.

ஒவ்வோர் உரையாடலையும் தொடும் முன்னர், அது எம்மொழியில் நிகழ்கின்றது, பேசுபவர் அம்மொழியில் எவ்வளவு வல்லவர், கேட்பவர் எவ்வளவு அறிவார் என்னும் மூன்று வினாக்களை எழுப்புதல் வேண்டும். அகிலாரும் மலின்ட்சினும் பேரவைகளில் நின்று ஒவ்வொரு சொல்லுக்கும் எழுப்பியாக வேண்டியிருந்த வினாக்கள் இவையே. அவ்விருவரின் பணியைக் கதைப்பொருளாகக் கொண்ட நூல்களைத் தமிழாக்குபவர் அவ்வினாக்களைத் தவிர்க்க இயலாது.