பச்சைத் தீவில் பழைய பாத்திகள்

எங்கே பார்த்தாலும் பச்சை! மலை பச்சை. மேடு பச்சை. கடலோரப் பாறையின் தலையிலும் பச்சை.

அதனால்தான் அயர்லாந்துக்கு "மரகதத் தீவு" என்று பெயர்.

இங்கிலாந்துக்கு மேற்கே, அட்லாண்டிக் கடலில் இருக்கிறது இந்தத் தீவு. மேற்குக் கரையில் வருடத்தில் பாதி நாளுக்கு மேல் மழைதான். கொட்டித் தீர்க்கிற மழை அல்ல, பெரும்பாலும் தூறல். கடும் வெயில் கிடையாது. புல் காய்வதற்கு நேரம் ஏது?

இன்னோர் அதிசயம். இங்கே காட்டுப் பாம்புகளே இல்லை! புனித பாட்ரிக் என்ற மகான் அவற்றைக் கடலுக்குள் விரட்டிவிட்டார் என்பது ஊர்க் கதை. "பனி யுகம் முடிந்ததும் கடல் சூழ்ந்துகொண்டது. பாம்புகளால் வந்து சேர முடியவில்லை" என்கிறார்கள் விஞ்ஞானிகள்.

700 அடிச் சுவர்

சுற்றுலாவுக்கு வருகிறவர்கள் ஆவலோடு தேடிப் போவது மோஹர் பாறைகளை. கிளேர் மாவட்டத்தின் கடற்கரையில் சுமார் 9 மைல் நீளத்துக்கு, சுவர் எழுப்பியதுபோல் நிற்கின்றன. மிக உயரமான இடத்தில் 700 அடி! கீழே அலை மோதுகிறது. மேலே காற்று ஆளைத் தள்ளுகிறது. விளிம்புக்குப் போகாதீர்கள். தவறி விழுந்து இறந்தவர்கள் உண்டு.

வடக்கே "அரக்கனின் பாதை" என்று ஓர் இடம் இருக்கிறது. அறுகோணத் தூண்களாகச் சுமார் 40,000 கற்கள்! எரிமலைக் குழம்பு ஆறியபோது வெடித்து உண்டானவை. ஆனால் இந்த இடம் வட அயர்லாந்தில் இருக்கிறது. 1921-ல் தீவு இரண்டாகப் பிரிந்தது. வட பகுதி பிரிட்டனோடு இருக்கிறது. போகுமுன் விசா விதிகளைப் பார்த்துக்கொள்வது நல்லது.

17 நிமிட வெளிச்சம்

தலைநகர் டப்ளினுக்கு வடக்கே சுமார் 30 மைல் தூரத்தில் நியூகிரேஞ்ச் என்ற கல்லறை மேடு இருக்கிறது. வயது 5,000 ஆண்டுகளுக்கு மேல். எகிப்தின் பெரிய பிரமிடுகளைவிட மூத்தது!

மேட்டுக்குள் நீளமான ஒரு குகைப் பாதை. அதன் முடிவில் ஓர் அறை. வருடம் முழுவதும் அங்கே இருட்டுதான். டிசம்பர் 21-ந் தேதியை ஒட்டிய சில நாட்களில் மட்டும், சூரியன் உதிக்கும்போது வாசலுக்கு மேல் உள்ள துவாரம் வழியாக ஒளி நுழையும். மெல்ல ஊர்ந்து அறையைத் தொடும். 17 நிமிடம்தான். பிறகு மறுபடியும் இருட்டு.

அந்தக் காட்சியைக் காணக் குலுக்கல் முறையில் ஆள் எடுக்கிறார்கள். குலுக்கலில் விழுந்தாலும், அன்று மேகம் மூடினால் ஏமாற்றம்தான்!

புல்லுக்கு அடியில்

மேற்கே அக்கில் என்ற சிறு தீவுக்குப் பாலத்தில் போகலாம். அங்கே ஸ்லீவ்மோர் மலைச் சரிவில் கூரை இல்லாத கல் வீடுகள் சுமார் 80 நிற்கின்றன. ஆள் இல்லை. ஆடுகள் மேய்கின்றன.

சாய்ந்த வெயிலில் மலையை உற்றுப் பார்த்தால், புல்லுக்கு அடியில் வரிவரியாக மேடுகள் தெரியும். அவை ஒரு காலத்தில் உருளைக்கிழங்கு போட்ட பாத்திகள். இத்தகைய பாத்திகளை மேற்கு அயர்லாந்து முழுவதும் பார்க்கலாம். படம் எடுக்கிறவர்களில் பலர் இதைக் கவனிப்பதே இல்லை.

அந்நாளில் நிலம் ஜமீன்தார்களுடையது. ஏழைக் குடியானவனுக்கு வேளாவேளைக்கு உருளைக்கிழங்குதான். தானியம் விளைந்தால் குத்தகைக்குப் போய்விடும்.

1845-ல் ஒரு நோய் வந்தது. செடி கருகியது. மண்ணுக்குள் கிழங்கு அழுகியது. அடுத்த ஆண்டும் அதே கதி. மக்கள் பட்டினியால் சாகும்போதே, தானியமும் மாடுகளும் கப்பல் ஏறி இங்கிலாந்துக்குப் போய்க்கொண்டிருந்தன!

சுமார் 10 லட்சம் பேர் இறந்தார்கள். இன்னும் 10 லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் ஊரைவிட்டுப் போனார்கள். 1841-ல் தீவின் ஜனத்தொகை 81 லட்சம். 2021, 2022 கணக்கெடுப்புகளில் இரு பகுதிகளையும் சேர்த்தும் சுமார் 70 லட்சம்தான்.

கடைசித் துறைமுகம்

போனவர்களில் ஏராளமானவர்கள் கப்பல் ஏறிய இடம், தெற்கே உள்ள கோவ் துறைமுகம். 1912-ல் டைட்டானிக் கப்பல் கடைசியாக நின்று ஆள் ஏற்றியதும் இங்கேதான்.

கரையில் ஒரு பெண்ணின் சிலை இருக்கிறது. கூடவே இரண்டு தம்பிகள். அவள் பெயர் ஆனி மூர். வயது 17. 1891 டிசம்பரில் தம்பிகளைக் கூட்டிக்கொண்டு, நியூயார்க்கில் இருந்த தாய் தந்தையரிடம் புறப்பட்டாள். 1892 ஜனவரி 1-ந் தேதி அங்கே எல்லிஸ் தீவில் குடியேற்ற நிலையம் திறந்தபோது, முதலில் பெயர் பதிந்தவள் அவள்தான்.

கோவுக்குப் பக்கத்தில் மிடில்டன் என்ற ஊர். அங்கே பூங்காவில் 9 எஃகு இறகுகள், 20 அடி உயரத்தில், வட்டமாக, ஒரு சோற்றுக் கிண்ணம்போல் நிற்கின்றன. சாக்டா என்ற அமெரிக்கப் பூர்வகுடி மக்களுக்கு அயர்லாந்து வைத்த நினைவுச் சின்னம் இது. 1830-களில் சொந்த மண்ணிலிருந்து விரட்டப்பட்டவர்கள் அவர்கள். அப்படியும் 1847-ல், கண்ணால் பார்த்திராத அயர்லாந்துக்காரர்களின் பசிக்குத் தங்களுக்குள் பணம் திரட்டி அனுப்பினார்கள்.

2020-ல் கொரோனா பரவியபோது, அமெரிக்காவில் நவாஹோ, ஹோபி என்ற பூர்வகுடி மக்கள் மிகவும் அவதிப்பட்டார்கள். அவர்களுக்கு நிதி திரட்டப்பட்டது. அயர்லாந்திலிருந்து ஆயிரக்கணக்கானவர்கள் பணம் அனுப்பினார்கள். அனுப்பிய பலர் அதோடு ஒரு வரி எழுதியிருந்தார்கள்: 1847-ஐ மறக்கவில்லை என்று.