கையச்சுக் கலைப்படிகளில் எண்ணெய் மை உலர்தல்: காரணங்களும் வழிமுறைகளும்

ஆய்வுச் சுருக்கம்

மரச்செதுக்கு, லினோகட் முதலிய புடைப்பச்சு முறைகளில் பயன்படும் எண்ணெய் மை உலர்வதற்குச் சில நாட்கள் முதல் சில வாரங்கள் வரை ஆகின்றன. இத்தாமதத்தின் வேதியியல் காரணங்களையும், படிக்கு ஊறு நேராமல் அதனைக் குறைக்கும் வழிகளையும் இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: கையச்சு, ஆளிவிதை எண்ணெய், ஆக்சிஜனேற்றம், நிறமி, உலர்த்தி.

முன்னுரை

மை உலரும் முன்னர்ப் படிகளை அடுக்கினால், அது மேலுள்ள தாளின் பின்புறத்தில் ஒட்டிக்கொள்ளும். விரைவு கருதி வேதிப்பொருளை மிகுதியாகச் சேர்த்தால் மைப்படலத்தின் ஆயுள் குறையும். எனவே உலர்தலின் இயல்பை அறிவது, படைப்பைக் காப்பதன் முதற்படியாகும்.

உலர்தலின் இயல்பு

நீர் கலந்த மை, பெரும்பாலும் நீர் ஆவியாவதால் உலர்கிறது. ஆளிவிதை எண்ணெயில் அரைத்த மை அவ்வாறன்று; அது காற்றிலுள்ள ஆக்சிஜனை ஏற்று இறுகுகிறது. இவ்வெண்ணெயில் மிகுந்துள்ள லினோலெனிக் அமிலத்தின் மூலக்கூறு ஒவ்வொன்றிலும் 3 இரட்டைப் பிணைப்புகள் உள்ளன. ஆக்சிஜன் இப்பிணைப்புகளை அடுத்த இடங்களில் வினைபுரிய, மூலக்கூறுகள் குறுக்காகப் பிணைந்து வலை போன்ற பலபடியாகின்றன. உலரத் தொடங்கும் எண்ணெயின் எடை குறையாமல் கூடுவது இதற்குச் சான்றாகும்.

தாமதத்தின் காரணங்கள்

முதலாவது, நிறமி. மாங்கனீசு அடங்கிய அம்பர் என்னும் மண்நிறமி உலர்தலை விரைவுபடுத்தும். கார்பன் கருமை தாமதப்படுத்தும். கறுப்பு மையில் அச்சிட்ட படிகள் நெடுநாள் ஒட்டுவதற்கு இதுவும் ஒரு காரணமாகும். இரண்டாவது, தாள். உறிஞ்சும் தாள் எண்ணெயின் ஒரு பகுதியை உள்வாங்குவதால் மை விரைவில் படியும். பசையேற்றிய வழவழப்பான தாளில் அது மேற்பரப்பிலேயே தங்கும். மூன்றாவது, சூழல். குளிரும் மிகுந்த ஈரப்பதமும் காற்றோட்டமின்மையும் வினையை மந்தப்படுத்துகின்றன.

வழிமுறைகள்

மையை மெல்லிய படலமாக உருட்டுவதே முதன்மையான வழி. தடித்த படலத்தில் மேற்பரப்பு ஆடை போல் இறுகி, உள்ளே ஆக்சிஜன் செல்வதைத் தடுக்கும். படிகளை இடைவெளிவிட்டுக் கொடியில் தொங்கவிடுதல் அல்லது தட்டடுக்குகளில் பரப்புதல், வெளிச்சமும் இளவெப்பமும் உள்ள அறையைத் தேர்தல் ஆகியன பயன்தரும். கோபால்ட் உலர்த்தி பெரிதும் மேற்பரப்பிலேயே செயற்படுவது. அளவு மிகின் படலம் சுருங்கும், நாளடைவில் நொறுங்கும். ஆகையால் அதனை மிகச் சிறிதளவே சேர்த்து, முதலில் சோதனைப் படியொன்றில் ஆய்ந்தறிதல் வேண்டும்.

எண்ணெய் தோய்ந்த துடைப்புத் துணிகளைக் குவித்து வைத்தலாகாது. இதே ஆக்சிஜனேற்றம் வெளியிடும் வெப்பம் குவியலுக்குள் தேங்கி, அவை தாமாகவே தீப்பற்றக்கூடும். அவற்றை நீரில் நனைத்து, மூடியுள்ள உலோகக் கலத்தில் இடுதல் வேண்டும்.

முடிவுரை

எண்ணெய் மை உலர்தல் என்பது ஈரம் நீங்குவதன்று. புதியதொரு திண்மப் படலம் உருவாவதாகும். விரலில் ஒட்டாமை அதன் தொடக்க நிலையே. அதன் பின்னரும் வினை தொடர்கிறது. ஆதலின் உலர்த்தியை மிகுப்பதினும், மென்படலம், காற்று, காலம் ஆகிய மூன்றையும் நம்புவதே படியின் நிலைபேற்றுக்கு உகந்தது.