படகு இயந்திரத்தின் உந்துசுழலியை மாற்றிப் பொருத்துதல்

உந்துசுழலி என்பது படகு இயந்திரத்தின் சுழல் ஆற்றலை, நீரைப் பின்தள்ளிப் படகை முன்செலுத்தும் விசையாக மாற்றும் உறுப்பு ஆகும். இது புரொப்பெல்லர் எனவும் அழைக்கப்படுகிறது. படகின் பின்பலகையில் மாட்டப்படும் வெளிப்பொருத்து இயந்திரங்களில் (அவுட்போர்டு மோட்டார்) இதனைக் கழற்றி மாட்டச் சில கருவிகளே போதும். தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் கண்ணாடியிழைப் படகுகளில் மீன்பிடிக்கச் செல்வோர் பலர் இவ்வகை இயந்திரங்களைப் பயன்படுத்துகின்றனர். ஒரே இயந்திரத்துடன் செல்லும் படகில் ஒரு வாஷரோ ஊசியோ தவறினால், நடுக்கடலில் கரை திரும்ப வழியில்லாமல் போகலாம்.

அளவுகள்

உந்துசுழலியின் மீது பொதுவாக இரண்டு எண்கள் குறிக்கப்பட்டிருக்கும். முதல் எண் விட்டம்; இரண்டாவது எண் புரியிடைத் தூரம். இரண்டும் வழக்கமாக அங்குலத்தில் தரப்படுகின்றன. திருகு அளவியில் திருகு ஒரு முழுச்சுற்றில் நகரும் தொலைவைப் புரியிடைத் தூரம் என்கிறோம். அதுபோலவே, உந்துசுழலி ஒரு திடப்பொருளுக்குள் திருகப்பட்டால் ஒரு சுற்றில் எவ்வளவு முன்னேறுமோ அதுவே அதன் புரியிடைத் தூரம்.

இயந்திரம் நிமிடத்திற்கு 5,000 சுற்றுகள் சுழல்வதாகவும், பல்சக்கரங்கள் அதை 2,500 ஆகக் குறைப்பதாகவும் கொள்வோம். புரியிடைத் தூரம் 13 அங்குலம் எனில் படகு நிமிடத்திற்கு 32,500 அங்குலம், அதாவது மணிக்கு ஏறத்தாழ 49.5 கி.மீ. செல்ல வேண்டும். ஆனால் நீர் திடப்பொருள் அன்று; ஆகவே உண்மை வேகம் இதைவிடக் குறைவாகவே இருக்கும். இந்தக் குறைவு நழுவல் எனப்படும். நழுவல் 15 விழுக்காடு எனில் வேகம் மணிக்குச் சுமார் 42 கி.மீ. ஆகும்.

பொருத்தமானதைத் தேர்ந்தெடுத்தல்

பெரிய உந்துசுழலி மாட்டினால் வேகம் கூடும் என்பது தவறான எண்ணம். பிரான்சிசு பெட்டிட் சுமித் என்ற ஆங்கிலேயர் 1836இல் திருகு வடிவ உந்துசுழலிக்குக் காப்புரிமை பெற்றார். 1837இல் இலண்டன் பாடிங்டன் கால்வாயில் நடந்த சோதனையில் அவருடைய மரத்திருகின் ஒரு பகுதி உடைந்துபோனது. எதிர்பாராத வகையில் படகு முன்னிலும் விரைவாகச் சென்றது.

உந்துசுழலி சரியானதா என்பதை இயந்திரத்தின் சுழற்சியே காட்டும். வழக்கமான சுமையுடன் முழு வேகத்தில் செல்லும்போது, இயந்திரம் கையேட்டில் குறித்த சுழற்சி எல்லைக்குள் இருக்க வேண்டும். புரியிடைத் தூரத்தை 1 அங்குலம் குறைத்தால் சுழற்சி நிமிடத்திற்கு ஏறத்தாழ 150 முதல் 200 வரை கூடும். எடுத்துக்காட்டாக, எல்லை 5,000 முதல் 6,000 வரை இருக்க, 13 அங்குலச் சுழலியுடன் 4,700 சுற்றுகளே கிடைத்தால், 11 அங்குலச் சுழலி அதை 5,000க்கு மேல் கொண்டுவரக்கூடும். குறைந்த சுழற்சியில் திணறும் இயந்திரம் வெப்பமேறித் தேய்கிறது. எல்லை மீறிச் சுழலும் இயந்திரமும் சேதமடைகிறது.

கழற்றும் முறை

1. இயந்திரத்தை நிறுத்தி, கியரை நியூட்ரலில் வைத்து, சாவியையும் அவசர நிறுத்தக் கயிற்றையும் அகற்ற வேண்டும். ஸ்பார்க் பிளக் இணைப்பையும் கழற்றிவிட வேண்டும். தண்டு கையால் திரும்பும்போது இயந்திரம் உயிர்பெற்றால் விரல்கள் துண்டாகும்.
2. உந்துசுழலிக்கு மேலுள்ள தட்டையான தகட்டிற்கும் சுழலியின் இதழுக்கும் இடையே ஒரு மரக்கட்டையை வைத்தால் சுழலி திரும்பாது. கையால் இதழைப் பிடிக்கக் கூடாது.
3. காட்டர் பின்னின் வளைந்த முனைகளை நிமிர்த்தி உருவ வேண்டும். பின்னர் நட்டு, வாஷர், இடைவளையம், சுழலி, உந்து வாஷர் ஆகியவற்றைக் கழற்றி, கழற்றிய வரிசையிலேயே ஒரு துணியில் அடுக்க வேண்டும்.

பொருத்தும் முறை

முதலில் தண்டைத் துடைத்துப் பார்க்க வேண்டும். தங்கூசி எனப்படும் நைலான் நரம்பு தண்டில் சுற்றியிருந்தால் அது ஆயில் சீலை அறுத்துவிடும். நீர் புகுந்த கியர் எண்ணெய் பால் போல் வெளுத்துக் காணப்படும். அந்நிலையில் சீலை மாற்றாமல் படகை ஓட்டக் கூடாது.

தண்டின் வரிப்பள்ளங்களில் நீரில் கரையாத கிரீசைப் பூச வேண்டும். இதைத் தவிர்த்தால் உப்புநீரில் சுழலி தண்டோடு இறுகி, அடுத்த முறை கழற்ற முடியாமல் போகும். பிறகு உந்து வாஷரை அதன் சரிவான பக்கம் தண்டின் சரிவோடு பொருந்துமாறு மாட்ட வேண்டும். சுழலியின் உந்துவிசை முழுவதையும் தண்டுக்குக் கடத்துவது இச்சிறு வளையமே. இது விடுபட்டாலோ திருப்பி மாட்டப்பட்டாலோ சுழலியின் குடம் கியர்ப் பெட்டியில் உரசி அதைத் தின்றுவிடும்.

நட்டைக் கையேட்டில் கூறிய அளவுக்கு முறுக்க வேண்டும். ஊசித்துளை நேராக வரவில்லையெனில், பெரும்பாலான கையேடுகள் கூறுவதுபோல், மேலும் சற்று இறுக்கியே நேராக்க வேண்டும், தளர்த்தக் கூடாது. காட்டர் பின் எப்போதும் புதியதாக இருக்க வேண்டும். ஒருமுறை வளைத்து நிமிர்த்திய ஊசி எளிதில் முறியும்; ஊசி போனால் நட்டு கழன்று, சுழலியே கடலில் விழுந்துவிடும். இறுதியில் சுழலியைக் கையால் சுற்றி, உரசலின்றித் திரும்புகிறதா எனப் பார்க்க வேண்டும். முதல் ஓட்டத்திற்குப் பின் நட்டின் இறுக்கத்தை மீண்டும் சோதிப்பது நல்லது.

கடலில் பழுது ஏற்பட்டால்

பல சுழலிகளின் குடத்திற்குள் இரப்பர் உறை ஒன்று உள்ளது. பாறையில் மோதும்போது இது நழுவி, பல்சக்கரங்களைக் காக்கிறது. இயந்திரம் இரைந்து சுழன்றும் படகு நகராவிட்டால் உறை விட்டுப்போயிருக்கலாம். அப்போது மிகக் குறைந்த வேகத்தில் கரைக்குத் திரும்ப முடியும். சில சிறிய இயந்திரங்களில் இதே வேலையை மோதலில் முறியும் ஊசி ஒன்று செய்கிறது. அதற்குப் பதிலாக ஆணியைச் செருகினால் அடுத்த மோதலில் பல்சக்கரம் உடையும். ஆகவே மாற்று ஊசிகள், காட்டர் பின்கள், ஒரு நட்டு, வாஷர்கள், பொருத்தமான சாவி, மரக்கட்டை ஆகியவற்றைப் படகிலேயே வைத்திருக்க வேண்டும். நெடுந்தொலைவு செல்வோர் மாற்று உந்துசுழலி ஒன்றையும் எடுத்துச் செல்வது பாதுகாப்பானது.