ஹார்மோன் மருந்துகளும் தாதியின் கடமையும்

1922-ஆம் ஆண்டு ஜனவரி 11-ஆம் நாள், கனடா நாட்டின் டொராண்டோ பொது மருத்துவமனையில், லெனர்டு தாம்ப்ஸன் என்னும் 14 வயதுச் சிறுவனுக்குக் கணையத்திலிருந்து எடுத்த சாறு ஊசி மூலம் செலுத்தப்பட்டது. நீரிழிவு நோயால் எலும்பும் தோலுமாக மெலிந்து கிடந்த அச்சிறுவனுக்கு முதல் ஊசி அதிகப் பயன் அளிக்கவில்லை. சாற்றில் கலந்திருந்த மாசுகளைக் காலிப் என்னும் இரசாயன நிபுணர் அகற்றித் தந்த பின்னர், ஜனவரி 23-ஆம் நாள் மீண்டும் ஊசி போடப்பட்டது. இம்முறை இரத்தத்தில் சர்க்கரை வெகுவாகக் குறைந்தது. சிறுவனின் உடல் தேறியது. அதன்பின் அவன் மேலும் 13 ஆண்டுகள் உயிர் வாழ்ந்தான். இன்சுலினைக் கண்டுபிடித்தமைக்காகப் பாண்டிங், மக்லியாட் ஆகிய இருவருக்கும் 1923-ஆம் ஆண்டில் நோபெல் பரிசு வழங்கப்பட்டது.

மருந்து கிடைத்தவுடன் வேறொரு கேள்வி எழுந்தது. மருத்துவமனையை விட்டு வீடு திரும்பும் நோயாளிக்கு நாள்தோறும் ஊசி போடுவது யார்? அளவு சரிதானா என்று பார்ப்பது யார்? அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் நீரிழிவு நோயாளிகளுக்குச் சிகிச்சை செய்து வந்த டாக்டர் எலியட் ஜாஸ்லின் இதற்கு விடை கண்டார். நோயாளிகள் படிப்பதற்கென்றே ஒரு கைநூலை 1918-ஆம் ஆண்டில் வெளியிட்டிருந்த அவர், தாதியருக்குத் தனிப்பயிற்சி அளித்து அவர்களை நோயாளிகளின் இல்லங்களுக்கே அனுப்பினார். உணவு, இன்சுலின், உடற்பயிற்சி என்னும் மூன்று குதிரைகளை ஒருங்கே செலுத்தும் தேரோட்டியாக அவர் நோயாளியை உருவகித்தார். அத்தேரோட்டியைப் பழக்கும் பொறுப்பு தாதியைச் சார்ந்ததாயிற்று.

சுரப்பியின் கணக்கு

கணையம், தைராய்டு, அட்ரினல் முதலிய நாளமில்லாச் சுரப்பிகள் தாம் உண்டாக்கும் ஹார்மோன்களை நேரே இரத்தத்தில் கலக்கின்றன. வேண்டிய அளவை வேண்டிய நேரத்தில் கணக்கிட்டுத் தருவது இவற்றின் தனிச்சிறப்பு. உணவு உண்டதும் கணையம் இன்சுலினை மிகுதியாகச் சுரக்கும், பட்டினியின்போது குறைத்துக்கொள்ளும். காய்ச்சலோ காயமோ நேர்ந்தால் அட்ரினல் சுரப்பி தன் ஹார்மோனைப் பெருக்கித் தரும். இவையெல்லாம் மனிதன் அறியாமலேயே இரவும் பகலும் நடைபெறுகின்றன.

மருந்துக் குப்பிக்கு இக்கணக்குத் தெரியாது. நோயாளி உண்டாரா, பட்டினி கிடக்கிறாரா, காய்ச்சல் கண்டுள்ளாரா, கருவுற்றுள்ளாரா என்பதை அது அறியாது. சுரப்பி செய்து வந்த கணக்கை மருத்துவமனையில் தாதியும், வீட்டில் நோயாளியும் அவருடைய குடும்பத்தாரும் செய்தாக வேண்டும். ஆகவே, இம்மருந்துகளைப் பொறுத்தவரை கற்பித்தலும் மருந்தின் ஒரு பகுதியே எனலாம்.

இன்சுலின்: அளவில் கவனம்

இந்தியாவில் இன்சுலின் இரு வகைச் செறிவுகளில் விற்பனையாகிறது. ஒரு மில்லிலிட்டரில் 40 யூனிட் அடங்கிய குப்பிகள் பெருவழக்காக உள்ளன. பேனா வடிவக் கருவிகளில் இடும் இன்சுலினிலும் சில குப்பிகளிலும் ஒரு மில்லிலிட்டருக்கு 100 யூனிட் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் உரிய ஊசிக்குழல் வேறு. முன்னதற்குச் சிவப்பு மூடியும் பின்னதற்கு ஆரஞ்சு மூடியும் அடையாளம். இவை மாறிப்போனால் விளையும் தீங்கைச் சிறு கணக்கால் அறியலாம். 100 யூனிட் செறிவுள்ள இன்சுலினைச் சிவப்பு மூடிக் குழலில் 20 என்ற கோடுவரை இழுத்தால், உடலில் சேர்வது 50 யூனிட்; அதாவது இரண்டரை மடங்கு. 40 யூனிட் செறிவுள்ள மருந்தை ஆரஞ்சு மூடிக் குழலில் 20 வரை இழுத்தால், சேர்வது 8 யூனிட் மட்டுமே. முன்னதால் நோயாளி நினைவிழக்கக்கூடும்; பின்னதால் சர்க்கரை கட்டுக்கடங்காமல் ஏறும். ஆகவே மருந்துக் கடையில் குப்பியையும் குழலையும் ஒருங்கே காட்டிச் சரிபார்த்து வாங்குமாறு தாதி நோயாளிக்குப் பழக்கவேண்டும்.

மருத்துவமனைக்கும் ஒரு விதி உண்டு. மருந்துச் சீட்டில் 'யூனிட்' என்ற சொல்லை முழுமையாக எழுதவேண்டும். அதன் முதல் ஆங்கில எழுத்தை மட்டும் எழுதினால் அது பூஜ்யம் போலத் தோன்றி, 4 யூனிட் 40 யூனிட்டாகிவிடக் கூடும். இழுத்த அளவை மற்றொரு தாதியிடம் காட்டிச் சரிபார்த்துக்கொள்வதும் நல்ல வழக்கமாகும்.

ஊசி போடும் இடத்தையும் மாற்றிக்கொண்டே இருத்தல் வேண்டும். வயிறு, தொடை, மேற்கை, பிட்டம் ஆகியவை ஏற்ற இடங்கள். வலி தெரியவில்லை என்பதற்காக ஒரே இடத்தில் போட்டு வந்தால், அங்கே கொழுப்புத் திரண்டு கட்டியாகும்; அதில் போட்ட மருந்து சீராக இரத்தத்தில் சேராது. சர்க்கரை ஏறியும் இறங்கியும் வரும் நோயாளியின் ஊசி இடங்களைத் தாதி விரலால் தடவிப் பார்ப்பாரேயானால், காரணம் பலமுறை அங்கேயே புலப்படும்.

திறவாத குப்பிகளை 2 முதல் 8 டிகிரி சென்டிகிரேடு குளிர்ச்சியில் வைக்கவேண்டும், ஆனால் உறையவிடலாகாது. குளிர்சாதனப் பெட்டி இல்லாத இல்லங்களில், ஒரு மண்பானைக்குள் சிறு மண்பானையை வைத்து, இடையே ஈரமணல் நிரப்பி, உட்பானையில் குப்பியை நீர் புகாதவாறு வைத்துக் காக்கலாம்.

உண்ணும் வேளையும் குடும்ப வழக்கமும்

வழக்கமான குறுகியகால இன்சுலினைப் போட்ட 30 நிமிடங்களில் உணவு கொள்ளவேண்டும். புதிய அதிவேக இன்சுலினாயின் இடைவெளி இன்னும் குறைவு. எளிதாகத் தோன்றும் இவ்விதி நம் நாட்டு இல்லங்களில் அவ்வளவு எளிதன்று. கணவர், பிள்ளைகள், மாமியார், விருந்தினர் அனைவருக்கும் பரிமாறிவிட்டுக் கடைசியில் உண்பது பல பெண்களின் வழக்கம். அவர்கள் ஊசி போட்டுக்கொண்டு அடுப்படியில் நின்றிருக்கையிலேயே சர்க்கரை இறங்கிவிடுகிறது. ஆகவே, 'உணவுக்கு அரைமணி முன்னர்' என்று கூறுவதோடு தாதி நிறுத்திவிடலாகாது. வீட்டில் யார் எப்போது உண்கின்றனர் என்று கேட்டறிந்து, ஊசி போட்டுக்கொள்பவர் முதற் பந்தியிலேயே அமர வேண்டியதன் அவசியத்தை வீட்டாருக்கும் எடுத்துரைக்க வேண்டும். ஏகாதசி, ரமலான் முதலிய நோன்பு நாட்கள் வருமுன்னரே டாக்டரைக் கலந்து அளவை மாற்றிக்கொள்ளச் சொல்லவேண்டும்.

வியர்வை, கைநடுக்கம், படபடப்பு, பசி, எரிச்சல், மனத் தடுமாற்றம் ஆகியவை சர்க்கரை இறங்கியதன் அறிகுறிகள். இரத்தத்தில் 100 மில்லிலிட்டருக்கு 70 மில்லிகிராமுக்குக் கீழே சர்க்கரை சென்றால் சுமார் 15 கிராம் குளுக்கோஸ் அல்லது மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையை நீரில் கலந்து பருகி, 15 நிமிடம் கழித்து மீண்டும் சோதிக்க வேண்டும். நினைவிழந்தவர் வாயில் எதையும் ஊற்றலாகாது. அவரை ஒருக்களித்துப் படுக்கவைத்து உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். இவற்றை நோயாளியைவிட அவருடன் இருப்போர் நன்கு அறிந்திருத்தல் அவசியம்.

காய்ச்சலும் வாந்தியும் கண்டபோது, 'உணவே செல்லவில்லை, ஊசி எதற்கு?' என்று இன்சுலினை அடியோடு நிறுத்துவோர் உண்டு. சிறு வயதிலேயே தோன்றி இன்சுலினையே நம்பியிருக்கும் முதல் வகை நீரிழிவில் இது உயிருக்கே அபாயம். நோயின்போது உடலுக்கு இன்சுலின் அதிகம் தேவைப்படலாம். அடிக்கடி சோதித்து, நீர் ஆகாரம் அருந்தி, டாக்டரின் யோசனையைப் பெறுவதே முறை.

தைராக்ஸின்: பொறுமை வேண்டும் மருந்து

1891-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் நியூகாஸில் நகரில் ஜார்ஜ் மர்ரே என்னும் டாக்டர், ஆட்டின் தைராய்டுச் சுரப்பியின் சாற்றை ஊசியாகச் செலுத்தி, தைராய்டுக் குறைவால் வீங்கிச் சோர்ந்திருந்த பெண் ஒருவரை நலமடையச் செய்தார். இன்று அதன் இடத்தில் தைராக்ஸின் மாத்திரை வந்துள்ளது. மிக நுண்ணிய அளவில், மைக்ரோகிராம் கணக்கில் இது தரப்படுகிறது. வெறும் வயிற்றில் நீருடன் உட்கொண்டு, அரைமணி முதல் ஒருமணி நேரம் வரை காப்பி, தேநீர், சிற்றுண்டி எதையும் தவிர்க்க வேண்டும். எழுந்தவுடன் காப்பி அருந்தும் இல்லங்களில் இதுவே முதலில் மறக்கப்படும் விதி.

உடலில் சேர்ந்த தைராக்ஸின் பாதியாகக் குறைய ஏறத்தாழ 7 நாட்கள் ஆகும். எனவே பயன் வாரக்கணக்கில்தான் தெரியும். அளவை மாற்றினால் 6 முதல் 8 வாரங்கள் கழித்தே இரத்தத்தைச் சோதிப்பர். 'பத்து நாளாயும் குணமில்லை' என்று ஒருவரும், 'இப்போது நலமே' என்று மற்றொருவரும் மருந்தை நிறுத்துவதுண்டு. இருவருக்கும் இதன் மெதுவான போக்கை முன்னரே விளக்கியிருந்தால் இத்தவறு நேராது. முதியோரும் இருதய நோயுடையோரும் மிகக் குறைந்த அளவில் தொடங்குவர். அவர்களுக்கு மார்புவலியோ படபடப்போ தோன்றினால் உடனே அறிவிக்க வேண்டும்.

கருவுற்ற பெண்களின் நிலை தனிக்கவனத்துக்குரியது. முதல் மாதங்களில் சிசுவின் மூளை வளர்ச்சிக்குத் தாயின் தைராக்ஸினே ஆதாரம். தாயின் தேவையும் அப்போது உயர்கிறது. ஆனால் கருவுற்றதும் எல்லா மருந்தையும் நிறுத்திவிட வேண்டும் என்ற எண்ணம் பலரிடம் உண்டு. இம்மாத்திரையை நிறுத்தலாகாது என்பதை முதல் சந்திப்பிலேயே வலியுறுத்த வேண்டும். மேலும், அரசாங்கச் சுகாதார நிலையங்களில் கர்ப்பிணிகளுக்கு இரும்புச்சத்து மாத்திரையும் சுண்ணச்சத்து மாத்திரையும் தரப்படுகின்றன. இவை இரண்டும் தைராக்ஸின் குடலில் உட்கவரப்படுவதைத் தடுக்கும். 4 மணி நேர இடைவெளி தேவை. விடியற்காலை தைராக்ஸின், பகல் உணவுடனும் இரவு உணவுடனும் சுண்ணச்சத்து, மாலையில் இரும்புச்சத்து என்று ஓர் அட்டையில் சூரியனையும் சந்திரனையும் வரைந்து தந்தால் எழுத்தறியாதவரும் பின்பற்றுவர்.

தைராய்டு மிகுதியாகச் சுரக்கும் நோய்க்குக் கார்பிமஸோல் தரப்படுகிறது. அரிதாக இது வெள்ளை அணுக்களை அபாயகரமாகக் குறைத்துவிடும். தொண்டைவலியுடன் காய்ச்சல் கண்டால் மருந்தை நிறுத்தி அன்றே இரத்தத்தைச் சோதிக்க வேண்டும் என்ற ஒரு வாக்கியம் நோயாளியின் உயிரைக் காக்கவல்லது.

ஸ்டீராய்டு: திடீரென நிறுத்தலாகாது

1948-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மேயோ மருத்துவ நிலையத்தில், மூட்டுவாத நோயாளி ஒருவருக்குக் கார்டிஸோன் என்னும் அட்ரினல் ஹார்மோன் முதன்முதலாக அளிக்கப்பட்டது. சில நாட்களிலேயே அவர் எழுந்து நடமாடினார். அந்த வியப்பே இம்மருந்தின் ஆபத்துமாகும். விரைவில் குணம் தெரிவதால், மூட்டுவலிக்கும் இளைப்புக்கும் டாக்டரின் சீட்டின்றியே ஸ்டீராய்டு மாத்திரைகளைத் தொடர்ந்து உண்போர் உண்டு.

வெளியிலிருந்து ஹார்மோன் வாரக்கணக்கில் கிடைக்குமாயின், அட்ரினல் சுரப்பி தன் தொழிலை ஒடுக்கிக்கொள்கிறது. மாத்திரையைத் திடீரென நிறுத்தினால் அது உடனே விழித்தெழாது. கடும் சோர்வு, வாந்தி, இரத்த அழுத்தக் குறைவு ஆகியன தோன்றி உயிருக்கு ஆபத்து நேரலாம். ஆதலால் டாக்டர் கூறியவாறு சிறிது சிறிதாகக் குறைத்தே நிறுத்த வேண்டும். காலையில் உணவுக்குப்பின் உண்பது, சுரப்பியின் இயற்கையான காலத்தோடு ஒத்திருக்கும், வயிற்றுக்கும் நலம். காய்ச்சலோ அறுவைச் சிகிச்சையோ நேரின் அளவைக் கூட்ட வேண்டியிருக்கலாம் என்பதையும், வாந்தியால் மாத்திரை தங்காவிடில் ஊசி தேவை என்பதையும் நோயாளி அறிந்திருத்தல் வேண்டும். ஸ்டீராய்டு உண்பதைக் குறிக்கும் அட்டை ஒன்று அவர் சட்டைப்பையில் எப்போதும் இருப்பது நலம்.

காசநோய் பரவியுள்ள நம் நாட்டில் மேலும் இரண்டு செய்திகள் முக்கியம். ஸ்டீராய்டு, உடலில் அடங்கியிருக்கும் காசநோயைத் தூண்டிவிடக் கூடும்; நாள்பட்ட இருமலைப் புறக்கணிக்கலாகாது. காசநோய்க்குத் தரும் ரிஃபாம்பிஸின் ஸ்டீராய்டை விரைவில் சிதைத்துவிடுவதால், அட்ரினல் குறைவுடையோர்க்கு அளவை உயர்த்த நேரிடும்.

கற்பிக்கும் முறை

'புரிந்ததா?' என்று கேட்டால் ஏறக்குறைய எல்லோரும் தலையசைப்பர். 'நாளைக் காலை வீட்டில் எப்படிப் போட்டுக்கொள்வீர்கள், செய்து காட்டுங்கள் அம்மா' என்று கேட்கும்போதுதான் உண்மை வெளிப்படும். குப்பியை எடுப்பதிலிருந்து, பயன்படுத்திய ஊசியைத் தடித்த மூடியிட்ட டப்பாவில் இடுவது வரை நோயாளி தம் கையாலேயே செய்து காட்டவேண்டும். கண்பார்வை மங்கியவராயின் மகனோ மருமகளோ செய்து காட்டவேண்டும். வீடு திரும்பும் நாளில் அவசரமாக அனைத்தையும் ஒப்புவிப்பதைவிட, சேர்ந்த நாள் முதல் நாளுக்கொன்றாகக் கற்பிப்பதே மனத்தில் பதியும்.

படுக்கைகள் நிறைந்து தாதியர் குறைந்துள்ள மருத்துவமனைகளில் இதற்கு நேரம் ஏது என்று கேட்கலாம். ஊசி போடும் அந்த இரண்டு நிமிடங்களே அதற்குரிய நேரம். தாதி ஒவ்வொரு முறையும் வாய்திறந்து சொல்லிக்கொண்டே செய்வாராயின், பத்து நாளில் நோயாளி இருபது பாடங்களைக் கேட்டிருப்பார். சுரப்பி கைவிட்ட கணக்கை ஒரு மனிதர் தம் கையால் எடுத்து நடத்தக் கற்றுக்கொள்ளும் நாளிலேதான் அவருக்கு அளித்த சிகிச்சை முழுமை பெறுகிறது.