உங்களுக்குத் தெரியுமா? வம்சத்தோடு வரும் கல்

சிறுநீரகக் கல் என்று கோவையில் சொல்லிப் பாருங்கள், ஆளுக்கொரு வைத்தியம் வரும்; வாழைத்தண்டுச் சாறு அதில் கட்டாயம் இருக்கும். ஆனால் சிஸ்டின் கல் வேறு ரகம். 'சிஸ்டினூரியா' என்ற பரம்பரைக் கோளாறால் வருவது. உலகில் சுமார் 7,000 பேரில் ஒருவருக்கு இருக்கிறது. சிறுநீரை நுண்ணோக்கியில் வைத்தால் அறுகோணப் படிகங்கள் தெரியும். வேறு எந்தக் கல்லுக்கும் இந்த அடையாளம் கிடையாது.

1810-லேயே வில்லியம் வோலஸ்டன் என்ற ஆங்கிலேயர் சிறுநீர்ப்பைக் கல் ஒன்றில் சிஸ்டின் என்ற இந்த அமினோ அமிலத்தைக் கண்டுபிடித்துவிட்டார்.

சாதாரணமாகச் சிறுநீரகம் சிஸ்டினை ரத்தத்துக்கே திருப்பி அனுப்பிவிடும். சிஸ்டினூரியா உள்ளவர்களுக்கு அது நடப்பதில்லை. ஒரு லிட்டர் சிறுநீரில் ஏறக்குறைய 250 மில்லிகிராம்தான் கரையும். மிச்சம் படிந்து கல்லாகும். அதனால் முதல் மருந்து தண்ணீர். நாளுக்கு 3 லிட்டர் சிறுநீர் போகும் அளவுக்குக் குடிக்க வேண்டும். நடுராத்திரி எழுந்தும் குடிக்க வேண்டும், அதுதான் கொடுமை! கூடவே உப்பைக் குறைக்கச் சொல்வார்கள். உப்பு ஏறினால் சிஸ்டினும் அதிகம் வெளியேறும். ஊறுகாய்ப் பிரியர்கள் பாடு திண்டாட்டம்தான்.

அடுத்து பொட்டாசியம் சிட்ரேட். சிறுநீரின் அமிலத்தன்மையைக் குறைத்துச் சிஸ்டினைக் கரைய வைக்கும்.

இதற்கும் மசியாவிட்டால் டயோப்ரோனின் அல்லது பெனிசிலமைன். சிஸ்டின் என்பது கைகோத்து நிற்கும் இரட்டையர். மருந்து நடுவில் புகுந்து அந்தப் பிடியை விடுவித்து ஒருவரின் கையைத் தான் பிடித்துக்கொள்ளும். புதிய ஜோடி எளிதாகக் கரைந்து வெளியேறிவிடும். பெனிசிலமைன் பெனிசிலினின் சிதைவில் கிடைத்த பொருள். இரண்டு மருந்துகளாலும் சிறுநீரில் புரதம் கசியலாம். பரிசோதனையைத் தள்ளிப்போடக் கூடாது.

2014-இல் அமெரிக்காவில் மார்ட்டின் ஷ்க்ரெலியின் ரெட்ரோஃபின் மருந்து நிறுவனம் டயோப்ரோனின் மாத்திரையின் விலையைச் சுமார் 1.50 டாலரிலிருந்து 30 டாலருக்கு ஏற்றியது. மாத்திரை அதே மாத்திரைதான்! பலருக்கு அது தினமும் பத்துக்கு மேல் வேண்டும்.

பரம்பரைக் கோளாறு என்றோமே, அதற்கு வருவோம். கொங்கு வேளாளரில் ஒரே கூட்டத்தார் (குலத்தார்) பங்காளிகள், தங்களுக்குள் பெண் எடுக்கமாட்டார்கள். மாமன் மகளையோ முறைப்பெண் என்பார்கள். மரபணுவுக்குப் பங்காளி, மாமன் பேதமெல்லாம் கிடையாது. தாய், தந்தை இருவரும் சிஸ்டினூரியாவின் மரபணுப் பழுதைச் சுமந்தால், ஒவ்வொரு குழந்தைக்கும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. ஆகவே சின்ன வயதில் ஒருவருக்குச் சிஸ்டின் கல் வந்தால், கூடப்பிறந்தவர்களின் சிறுநீரையும் பார்த்துவிடும்படி மருத்துவர்கள் சொல்வார்கள்.