பெல்ட்டைப் போட்டால் பாதி பயம் போச்சு

2024 மே 21. லண்டனிலிருந்து சிங்கப்பூருக்குப் போய்க்கொண்டிருந்த சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் எஸ்.க்யூ. 321 விமானம், மியான்மரின் ஐராவதிப் படுகைக்கு மேலே சுமார் 37,000 அடி உயரத்தில் பலமாகக் குலுங்கியது. 73 வயதுப் பயணி ஒருவர் இறந்தார். மாரடைப்பாக இருக்கலாம் என்று கருதப்பட்டது. பலருக்குத் தலையிலும் முதுகுத்தண்டிலும் காயம். ‘விமானம் 6,000 அடி சரிந்தது’ என்ற செய்தி அன்றே உலகம் முழுக்கப் பரவியது.

விமானத்தின் பதிவுக் கருவி சொன்ன கணக்கு வேறு. திடீரென்று இறங்கியது 178 அடிதான், அதுவும் 4.6 வினாடிக்குள். மற்ற ஆயிரக்கணக்கான அடிகளை, பாங்காக்கில் தரையிறங்குவதற்காக விமானிகள் பிறகு நிதானமாக இறக்கினார்கள்.

178 அடியில் இவ்வளவு பேருக்கு எப்படி அடிபட்டது? 0.6 வினாடிக்குள் விமானத்தின் முடுக்கம் 1.35 ஜி-யிலிருந்து மைனஸ் 1.5 ஜி-க்கு மாறியது (ஜி என்பது புவியீர்ப்பு முடுக்கத்தின் அளவு). பெல்ட் போடாதவர்கள் இருக்கையை விட்டு மேலே எழும்பினார்கள். அடுத்த 4 வினாடியில் விசை மறுபடி திரும்ப, மேலே போனவர்கள் கீழே விழுந்தார்கள். அத்தனைக்குப் பிறகும் விமானம் ஒரே துண்டாகத்தான் தரையிறங்கியது. குலுங்கும்போது விமானம் உடைந்துவிடுமோ என்று நடுங்குகிறோம். உண்மையான ஆபத்து, உள்ளே கட்டப்படாமல் இருக்கும் உடலுக்குத்தான்.

காற்று ஏன் கொந்தளிக்கிறது?

காற்றே இல்லாத பள்ளத்தில் விமானம் விழுவதாகப் பலர் நம்புகிறார்கள். வானில் அப்படி ஒரு பள்ளம் கிடையாது. காற்று இருக்கிறது, அது ஒரே சீராக ஓடவில்லை, அவ்வளவுதான். வெயிலில் சூடான தரைக்கு மேலே காற்று எழும்பும். இடிமேகத்துக்குள் அது பேய்வேகத்தில் மேலும் கீழும் பாயும். மலைத்தொடரில் மோதும் காற்று, ஆற்று நீர் பாறையில் மோதிச் சுழல்வதுபோல், மலைக்கு அப்பாலும் அலையலையாகப் புரளும்.

மேகம் கண்ணில் படாத தெளிந்த வானிலும் குலுங்கலாம். 30,000 அடிக்கு மேல் ஓடும் ‘ஜெட் ஸ்ட்ரீம்’ என்ற வேகக் காற்றோட்டத்தின் ஓரங்களில், வெவ்வேறு வேகத்தில் ஓடும் காற்றடுக்குகள் ஒன்றையொன்று உரசும். விமானத்தின் வானிலை ராடார் மழைத்துளியைக் கண்டுபிடிக்கும். வெறும் காற்றின் சுழலைக் கண்டுபிடிக்காது. முன்னால் போன விமானிகள் சொல்லும் தகவலும் வானிலைக் கணிப்பும்தான் அங்கே துணை.

இந்த வகைக் கொந்தளிப்பு கூடிவருகிறது. பிரிட்டனின் ரீடிங் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2023இல் வெளியிட்ட கணக்குப்படி, வட அட்லாண்டிக் வான்வெளியின் ஒரு சராசரி இடத்தில் தெளிந்த வானின் கடுமையான கொந்தளிப்பு 1979இல் ஆண்டுக்கு 17.7 மணி நேரம் இருந்தது. 2020இல் அது 27.4 மணி நேரம். அதாவது 55 சதவீத உயர்வு. புவி வெப்பமாதலோடு இது பொருந்துகிறது என்கிறார்கள் அவர்கள்.

இறக்கை ஒடியாதா?

ஜன்னல் வழியாக இறக்கை ஆடுவதைப் பார்த்தால் வயிற்றைக் கலக்கும். ஆனால் வளைவதற்கென்றே செய்யப்பட்டது அது. பறக்கும் காலத்தில் எதிர்பார்க்கப்படும் அதிகபட்சச் சுமையைப் போல் ஒன்றரை மடங்கை இறக்கை தாங்க வேண்டும் என்பது விதி. போயிங் நிறுவனம் 1995இல் தன் 777 விமானத்தின் இறக்கைகளைச் சோதனைக்கூடத்தில் வேண்டுமென்றே ஒடியும்வரை வளைத்தது. நுனி சுமார் 24 அடி மேலே வளைந்து, அந்த அதிகபட்சச் சுமையில் 154 சதவீதம் ஏறிய பிறகுதான் ஒடிந்தது. போதாததற்கு, கொந்தளிப்பு என்று தெரிந்ததும் விமானிகள் அதற்கென வகுத்த வேகத்துக்குக் குறைத்துக்கொள்வார்கள்.

இதை அறிவு ஒப்புக்கொண்டாலும் காது ஒப்புக்கொள்ளாது. உட்காதில் நுண்ணிய சுண்ணாம்புப் படிகங்களைத் தாங்கிய உறுப்பு ஒன்று உண்டு. உடல் எவ்வளவு தூரம் இறங்கியது என்பது அதற்குத் தெரியாது. வேகம் எவ்வளவு சட்டென்று மாறியது என்பதை மட்டுமே உணரும். மூடிய கேபினில் அடிவானமும் தெரியாததால், கண்ணால் அதைத் திருத்த முடிவதில்லை. விமானம் சில பத்தடி இறங்கினாலும் பாதாளத்தில் விழுந்தாற்போல் இருப்பது இதனால்தான்.

என்ன செய்யலாம்?

முதல் வேலை பெல்ட். அமெரிக்காவில் 2009 முதல் 2022 வரை கொந்தளிப்பில் பலத்த காயமடைந்தவர்கள் 163 பேர். அவர்களில் 129 பேர் விமானப் பணியாளர்கள். நடமாடுவதுதானே அவர்கள் வேலை. பயணிகள் 34 பேர் மட்டுமே. எஸ்.க்யூ. 321இல் பெல்ட் விளக்கு எரிந்ததற்கும் முதல் பெரும் உலுக்கலுக்கும் இடையே கிடைத்தது சுமார் 8 வினாடி. கழிவறையிலிருந்து இருக்கைக்கு வரக்கூட அது போதாது. எனவே விளக்கு அணைந்திருந்தாலும், உட்கார்ந்திருக்கும் நேரமெல்லாம் பெல்ட் இடுப்பில் இருக்கட்டும்.

இருக்கையைத் தேர்ந்தெடுக்க முடிந்தால் இறக்கைக்கு அருகே உட்காரலாம். விமானத்தின் எடை மையம் அங்கே இருப்பதால் ஆட்டம் வால் பகுதியைவிடக் குறைவு. கோடையில் காலை விமானம் நல்லது; பிற்பகல் வெயில் ஏறினால் காற்றும் எழும்பும், இடிமேகமும் திரளும். குலுங்கத் தொடங்கினால் மூச்சை இழுப்பதைவிட விடுவதை நீளமாக வைத்துக்கொண்டால் இதயத் துடிப்பு தணியும். பயமாக இருக்கிறது என்று பணிப்பெண்ணிடம் சொல்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

மாத்திரை போட்டுக்கொண்டு தூங்கிவிடலாமா? ஆய்வாளர்கள் ஃபிராங்க் வில்ஹெல்ம், வால்டன் ராத் இருவரும் 1997இல் வெளியிட்ட ஆய்வு இதற்குப் பதில் தருகிறது. பறக்கப் பயந்த 28 பெண்களில் பாதிப் பேருக்கு அல்பிரசோலம் என்ற பதற்றத் தணிப்பு மருந்தும், மீதிப் பேருக்கு மருந்தில்லாத போலி மாத்திரையும் கொடுத்தார்கள். முதல் பயணத்தில் மருந்து சாப்பிட்டவர்கள் பதற்றம் குறைந்ததாகச் சொன்னார்கள். ஒரு வாரம் கழித்து எல்லோரும் மாத்திரையின்றிப் பறந்தபோது, முன்பு மருந்து எடுத்தவர்களில் 71 சதவீதம் பேருக்குப் பீதித் தாக்குதல் வந்தது. முதல் பயணத்தில் அது வெறும் 7 சதவீதம்.

குலுங்கியும் ஒன்றும் ஆகவில்லை என்பதை மூளை விழித்திருந்து பார்த்தால்தான் கற்றுக்கொள்ளும். மருந்து அந்தப் பாடத்தைத் தடுத்துவிடுகிறது. படிப்படியாகப் பயத்தை எதிர்கொள்ள வைக்கும் உளவியல் சிகிச்சை விமான பயத்துக்குப் பலன் தருவது இதே காரணத்தால்தான். டிக்கெட் எடுக்கக்கூடத் தயங்குகிற அளவுக்குப் பயம் உள்ளவர்கள் மனநல மருத்துவரைப் பார்க்கலாம். மற்றவர்களுக்குப் பெல்ட், நீண்ட மூச்சு, திறந்த கண் மூன்றும் போதும்.